குருவிக்காரரும் பறவை நோக்கரும்: ஒரு பட்டியலை வாசித்தல்

பட்டியல் என்பது சாதுவான எழுத்துவகை என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். கவிதைக்குத் தொனி உண்டு, கதைக்குச் சாய்வு உண்டு, கட்டுரைக்குக் கட்சி உண்டு. பட்டியலுக்கு இதெல்லாம் கிடையாது, அது இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் என்பது பொதுப்புத்தி. வாக்காளர் பட்டியல், சாதிப் பட்டியல், ரேஷன் பட்டியல் என்று வரிசையாக யோசித்தாலே இந்தப் பொதுப்புத்தியின் வண்டவாளம் தெரிந்துவிடும். நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது இவற்றைவிட அப்பாவித்தனமாகத் தோன்றும் ஒன்றை. பங்குனி, சித்திரையில் நம் ஊர்ப் பறவை நோக்கர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பட்டியல். எந்தக் கண்மாயில் எந்த வாத்து இன்னும் இருக்கிறது, சூறைக்குருவி கிளம்பிவிட்டதா, அக்காக்குயில் எப்போது கத்தத் தொடங்கியது, யார் பார்த்தது, எத்தனை மணிக்கு.

'பறவை பாக்குறதுல கூட என்னய்யா அரசியல், அதையாவது விட்டு வைங்க' என்று நண்பர்கள் சொல்வது காதில் விழுகிறது. விட்டு வைத்திருக்கலாம், அந்தப் பட்டியல் நோட்டுப்புத்தகத்திலேயே கிடந்திருந்தால். இன்றைக்கு அது அங்கே கிடக்கவில்லை. சதுப்புநிலத்தில் சாலை போடலாமா, ஏரிக்குப் பக்கத்தில் ஆலை வரலாமா என்ற விவாதங்களில் அது சாட்சியாக வந்து நிற்கிறது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது. அதற்கு ஆதாரம் சுமார் 30 ஆயிரம் பறவை நோக்கர்கள் பகிர்ந்த ஏறக்குறைய 3 கோடிப் பதிவுகள். சம்பளம் வாங்காத ஆட்கள், விடுமுறைக் காலைகளில், தங்கள் பார்வையை எழுதிக் கொடுத்துச் சேர்த்த பேரறிவு இது. இதைக் கிண்டல் செய்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் சாட்சி என்று வந்துவிட்டால் குறுக்கு விசாரணையும் உண்டு. யாருடைய பார்வை இந்தப் பட்டியலுக்குள் 'பார்வை'யாக ஏற்கப்படுகிறது, யாருடையது ஏற்கப்படவில்லை என்பதுதான் என் கேள்வி.

இந்த எழுத்துவகையின் ஊர் இங்கிலாந்து. நார்ஃபோக் பகுதியின் நிலக்கிழார் ராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கி வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதிவாரியாகக் குறித்துவந்தார். முதல் பூ, முதல் இலை, முதல் தகைவிலான், முதல் குயில் என்று மொத்தம் 27 அறிகுறிகள். அவருக்குப் பின் அவருடைய வாரிசுகள் அதைக் கைவிடாமல் 1958 வரை இழுத்துப் போனார்கள். ஒரு குடும்பம் இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து முதல் குயிலைக் குறிக்க முடிந்தது என்றால் முதலில் அந்த இடம் அவர்களுடையதாக இருக்க வேண்டும். அறிவியலுக்கு அந்தக் குறிப்புகளால் கிடைத்த பயன் உண்மை. பருவநிலை மாற்றத்தைப் பேசுகிறவர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் போகிறார்கள். நிலவுடைமையின் தொடர்ச்சியே தரவின் தொடர்ச்சியாக மாறியது என்பதும் அதே அளவு உண்மை. அடைப்பு வேலிகளால் விரட்டப்பட்ட குடியானவனுக்கும் முதல் குயில் எப்போது கூவியது என்று தெரிந்திருக்கும். அவனிடம் இருநூறு வருஷத்து நோட்டு இருக்காது.

இந்த வகைமையின் உச்சம் என்று நான் கருதுவது 1913 பிப்ரவரியில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதம். எழுதியவர் ரிச்சர்ட் லைடெக்கர். சாதாரண ஆளில்லை, ராயல் சொசைட்டி உறுப்பினர், விலங்கியலாளர், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்து சிவாலிக் மலைப் புதைபடிவங்களை வகைப்படுத்தியவர். தன் தோட்டத்தில் வேலையில் இருக்கும்போது குயில் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது, உடன் இருந்த தோட்டக்கார உதவியாளிடம் கேட்டேன், பிறகு இருவருமே தெளிவாகக் கேட்டோம் என்று விவரமாக எழுதியிருந்தார். இங்கிலாந்துக்குக் குயில் வருவது ஏப்ரல் நடுவில். பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தால் அது செய்தி. 6ஆம் தேதி கடிதம் வந்தது. 12ஆம் தேதி இன்னொரு கடிதம் வந்தது. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் வேலை செய்த கொத்தனாரின் சித்தாள்தான் குயிலாகக் கூவியது என்று.

இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகவே நூறு வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். அறிஞர் ஏமாந்த கதை. எனக்கு அந்தச் சித்தாளின் மீதுதான் கண். பிப்ரவரிக் குளிரில் செங்கல் சுமந்துகொண்டிருக்கிற ஒருவன் குயிலாகக் கூவுகிறான். அவன் கூவலில் பிசகு இருந்திருந்தால் ராயல் சொசைட்டி ஆசாமி நம்பியிருக்க மாட்டார். அதாவது குயிலின் இரட்டைச் சுரத்தை, அதன் இடைவெளியை, அவன் அத்தனை துல்லியமாகக் கேட்டு வைத்திருந்தான். பறவை பற்றிய அறிவு அங்கே இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவருடையது கடிதமாகி அச்சேறியது. மற்றவனுடையது சத்தமாகக் கரைந்தது. அறிவாகப் பதிவாகாமல் 'மோசடி'யாகப் பதிவானது. அவன் பெயரை யாரும் எழுதவில்லை. இரண்டாவது சாட்சியான அந்தத் தோட்டக்கார உதவியாளுக்கும் அக்கடிதத்தில் பெயர் கிடையாது. தொழிலாளியின் காது முதலாளியின் காதுக்கு உறுதிச்சான்று வழங்கலாம், தனியாகச் சாட்சி சொல்ல முடியாது. (பூக்கோவை இழுக்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியுமா என்று பார்க்கிறேன். இப்போதைக்கு முடிகிறது.)

இந்த வடிவம் நம்மிடம் வந்து சேரும்போது ஒரு கோளாறு நேர்கிறது. ஐரோப்பிய வசந்தம் வரவின் பருவம். வெறுமையாகக் கிடந்த மரங்களுக்குப் பறவைகள் திரும்பி வருகின்றன. ஆகவே 'முதல்' என்ற சொல்லுக்கு அங்கே அத்தனை மவுசு. நமக்கு மாசி, பங்குனி என்பது வலசை வந்தவை கிளம்புகிற காலம். கூந்தன்குளத்துப் பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டப் புறப்பட்டுவிடும். நெற்களத்து வாலாட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல்போகும். ஐப்பசியிலிருந்து தோட்டத்து நிழலில் சருகு கிளறிக்கொண்டிருந்த ஆறுமணிக்குருவி, கடிகாரம் பார்த்த மாதிரி காலையும் மாலையும் கத்தியது, ஒருநாள் கத்தாது. சூறைக்குருவிகள் கூட்டமாக மேகம்போல் சுழன்றுவிட்டு மத்திய ஆசியப் பக்கம் போய்விடும். ஆக நம் வசந்தப் பட்டியலில் குறிக்க வேண்டியது 'முதல்' இல்லை, 'கடைசி'.

இங்கேதான் சிக்கல். முதல் வரவைப் பார்த்த கணத்திலேயே 'முதல்' என்று எழுதிவிடலாம். கடைசிப் பறவையைப் பார்க்கும்போது அது கடைசி என்று யாருக்கும் தெரியாது. மறுநாள், அதற்கு மறுநாள், ஒரு வாரம் போய்ப் பார்த்து, அது இல்லை என்று உறுதியான பிறகுதான் அன்றைக்குப் பார்த்தது கடைசியாகிறது. இன்மையைப் பார்த்தால்தான் இருப்பின் தேதி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்மாய்க்குப் போகிறவரால் இது முடியாது. அவருடைய 'கடைசி' என்பது பறவையின் கடைசி நாளைவிட அவருடைய விடுமுறை நாளைத்தான் சொல்கிறது. 'முதலு'க்கும் இந்த வியாதி உண்டு. சில வலசைப் பறவைகளின் வரவைப் பதிவதற்காக 2007இல் பெங்களூரிலிருந்து தொடங்கப்பட்ட முயற்சியில் பலர் ஆர்வமாகத் தேதிகள் அனுப்பினார்கள்; பார்க்கும் கண்கள் கூடக்கூட முதல் தேதி முன்னால் நகரும் என்பது இத்தகைய பதிவுகளுக்கே உள்ள குணம். பறவை முன்கூட்டி வந்ததா, பார்க்க ஆள் கூடிவிட்டதா என்று பிரித்தறிய வேண்டும். அதனால்தான் இப்போது எத்தனை நேரம் பார்த்தாய், எவ்வளவு தூரம் நடந்தாய், பார்த்தது எல்லாவற்றையும் எழுதினாயா என்று கேட்கிறார்கள். முழுப் பட்டியல் எழுதினால் அதில் இல்லாததும் தகவலாகிறது. இது நல்ல முறை. மௌனத்தை வாசிக்கத் தெரிந்த முறை. இலக்கிய விமர்சகர்கள் இதைக் கண்டு கொஞ்சம் வெட்கப்படலாம்.

நம் பழைய இலக்கணம் இந்த வேலையை வேறு மாதிரி செய்தது. திணைக்கான கருப்பொருள் வரிசையில் 'புள்' ஒன்று. பறவைக்குத் தேதி கிடையாது, நிலம் உண்டு. பாலையின் பெரும்பொழுது வேனில். இளவேனில் குயில் கூவினால் அது பிரிந்தவன் சொன்ன பருவம் வந்துவிட்டது, அவன் வரவில்லை என்பதற்கு அடையாளம். வசந்தப் பறவை அங்கேயும் இன்மையைத்தான் அறிவிக்கிறது. இதை எடுத்துவைத்து 'பார்த்தீர்களா, எங்கள் மரபில் எல்லாமே இருக்கிறது' என்று மார் தட்டுகிற கூட்டத்தோடு என்னைச் சேர்க்க வேண்டாம். சங்கப் பாட்டுக் குயிலுக்கும் சித்தாளின் கதிதான். அதைக் கேட்டுச் சொன்ன எயினனும் எயிற்றியும் புலவன் வாய் வழியாகத்தான் பேசினார்கள்.

குயில் என்றதும் இன்னொன்று. குயில் நம் ஊரை விட்டுப் போவதில்லை. குளிர்காலத்தில் பேசாமல் இருந்துவிட்டு மாசிக் கடைசியில் தொண்டையைத் திறக்கிறது. அதனால் 'வந்துவிட்டது' என்கிறோம். கூவுவது கறுத்த ஆண். பெண் வேறு மாதிரி, கிக் கிக் என்று வெடிக்கும். பாரதியின் 'குயில் பாட்டு' குயில் பெண்; பாடுவதும் அதுதான். பறவை நோக்கர் கூட்டங்களில் இதைச் சொல்லி ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. கவிதைக்கு உயிரியல் பரீட்சை வைக்கிறார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தங்கள் காதும் ஒரு மொழிக்குள்தான் இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வேனில் ஏற ஏறச் சுருதி ஏற்றிக்கொண்டே போகும் ஒரு குயில் இனம் உண்டு. அதன் கூவலில் வெள்ளைக்காரனுக்கு 'மூளைக்காய்ச்சல், மூளைக்காய்ச்சல்' என்று கேட்டது, அதையே பெயராக்கினான். மராத்திக்காரர்களுக்கு 'மழை வந்துருச்சு' என்று கேட்டது. இந்தியில் 'காதலன் எங்கே' என்று கேட்டது. நமக்கு 'அக்கா, அக்கா'. வெயிலுக்குப் பயந்து மலைவாசஸ்தலத்துக்கு ஓடுகிறவனுக்கும் விதைப்புக்குக் காத்திருப்பவனுக்கும் ஒரே பறவை ஒரே செய்தியைச் சொல்லாது. பட்டியலில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே ஒரு பெயர்தான் நிற்கும். எந்தப் பெயர் என்பது யாருடைய காது ஆண்டது என்பதைப் பொறுத்தது.

ஆண்ட காதுகள் என்று சும்மா சொல்லவில்லை. இந்தியாவில் பறவைத் தகவல்களைப் பகிர்வதற்கென்று முதலில் இதழ் நடத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். 1885இல் காங்கிரஸ் உருவாகக் காரணமாயிருந்த அதே ஹ்யூம்தான். 1872இல் தொடங்கிய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழுக்குக் குறிப்பு எழுதியவர்களில் பெரும்பாலோர் கலெக்டர்கள், ராணுவ அதிகாரிகள், மருத்துவர்கள், வன அதிகாரிகள். வருவாய் வசூலுக்குப் போன வழியில் பறவையையும் வசூல் செய்தார்கள். ஹ்யூம் பல வருஷம் பாடுபட்டு எழுதிய கையெழுத்துப் பிரதிகளை 1880களில் அவர் வீட்டு வேலையாள் ஒருவர் பழைய காகிதமாகச் சந்தையில் விற்றுவிட்டார். மனுஷன் மனம் உடைந்து பறவையியலையே விட்டார் என்பார்கள். அந்த வேலையாளுக்கும் பெயர் கிடையாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் காகிதத்தின் எடை அவருக்குத் தெரியும் என்பதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கலெக்டர் இடத்தில் நகரத்துப் படித்த நடுத்தர வர்க்கம் வந்தது. பம்பாயில் சஃபர் ஃபுடேஹல்லி உருட்டச்சில் தொடங்கி நடத்திய பறவை நோக்கர் செய்திமடல், 1978இல் உருவான சென்னை இயற்கையாளர் சங்கம் என்று இந்தச் சிறு வட்டங்கள் செய்தது பெரிய காரியம். நம் சிற்றிதழ் மாதிரியே கைக்காசு போட்டு, நூறு பேருக்குள் அனுப்பி, சண்டை போட்டு, தொடர்ந்தவை. ஆனால் குறிப்புகள் ஆங்கிலத்தில். மா. கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார், க. ரத்னம் தமிழ்ப் பெயர்களைத் திரட்டினார், சு. தியடோர் பாஸ்கரன் தொடர்ந்து தமிழில் வாதாடினார் என்பதெல்லாம் இருந்தும் பதிவேட்டின் மொழி மாறவில்லை. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு போன்றவை வந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'கொண்டலாத்தி' என்று தமிழில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் மொழி மாறினால் மட்டும் போதாது என்பதற்குக் கோடியக்கரைக்கு வர வேண்டும்.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டியது. பறவை காலில் வளையம் மாட்ட வேண்டுமானால் முதலில் அடிபடாமல் பிடிக்க வேண்டும். முனைவர் பட்டத்தால் அது வராது. பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் பீகாரின் மீர்ஷிகார் சமூகத்து ஆட்கள். தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்துப் பறவை பிடித்து விற்றவர்கள். அவர்கள் விரல் நுனியில் இருந்த அறிவு இல்லாமல் அந்த ஆய்வே இல்லை. 1960களில் இந்த வேலைக்குக் காசு கொடுத்தவர்களில் அமெரிக்க ராணுவமும் இருந்தது. ஆசியா முழுக்கப் பறவைகள் வழியாக நோய்க்கிருமிகள் எப்படிப் பரவும் என்று அறியும் திட்டம் அது. 1970களின் நடுவில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு இதை எடுத்து விசாரித்து, வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுகள் குறித்துக் கடுமையான கேள்விகள் எழுப்பியது. ராணுவச் சதி என்று நான் கதை கட்டவில்லை. ஒரு உள்ளான் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு, பிடித்தவன் கையிலிருந்து ஆய்வாளன் நோட்டுக்கும், அங்கிருந்து இன்னொரு நாட்டின் ராணுவக் கோப்புக்கும் போக முடியும் என்பதைச் சொல்கிறேன். பகிர்தல் என்ற சொல்லில் இருக்கும் இனிமை இந்தப் பாதையை மறைத்துவிடுகிறது.

இன்னொரு உதாரணம். மதராஸ் ராணுவ மருத்துவர் ஜெர்டன் கண்டறிந்து, 1848இல் விவரிக்கப்பட்ட ஒரு பறவை, 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, அழிந்துவிட்டது என்று பறவையியல் முடிவு கட்டியது. 1986இல் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் அது 'மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது'. ஆய்வாளர் பரத் பூஷண் ஊர் ஊராகப் போய் வேட்டைக்காரர்களிடம் படம் காட்டி விசாரித்ததன் பலன் அது. இரவில் அதைக் கையால் பிடித்துக் கொடுத்தது உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர். அந்தப் பக்கத்தில் அதற்குக் 'கலிவிக் கோடி' என்று தெலுங்குப் பெயரே இருந்தது. பெயர் வைத்துக் கூப்பிடப்படுகிற ஒன்று எப்படி 86 வருஷம் அழிந்திருந்தது? யாருக்கு அழிந்திருந்தது?

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு சமூகத்தின் பெயரே விடையாக நிற்கிறது. குருவிக்காரர். பறவையைக் கொண்டு அடையாளம் காணப்பட்ட மனிதர்கள். காடை, கௌதாரி, கொக்கு என்று கண்ணியும் வலையும் வைத்து வாழ்ந்தவர்கள். 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவர்களின் தொழிலறிவு குற்ற அறிவாக ஆனது. ஊசி, பாசிமணி என்று பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளப்பட்டார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆனது. அந்தப் பட்டியலுக்குள் வர இத்தனை காலம். பறவைப் பட்டியலுக்குள் இன்னும் வரவில்லை.

தமிழில் 'பார்வை' என்ற சொல்லுக்கு ஒரு பழைய பொருள் உண்டு: இன்னொன்றைப் பிடிப்பதற்காகக் கட்டிவைக்கும் பழக்கிய மிருகம் அல்லது பறவை. கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டால் காட்டுக் கௌதாரி சண்டைக்கு வந்து கண்ணியில் மாட்டும். அந்தக் கூண்டுக் கௌதாரிதான் பார்வை. பறவை நோக்கர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் மென்று பார்க்கலாம். பார்ப்பது சும்மா பார்ப்பதில் முடிவதில்லை, எதையோ பிடிப்பதற்காகத்தான் என்று குருவிக்காரரின் தமிழ் ஒளிக்காமல் சொல்கிறது.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில், மானாமதுரைப் பக்கத்துக் கண்மாய்க்கரை ஒன்றில் பறவை நோக்கும் நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தேன். ஈரக்கரையில் ஒரு வாலாட்டி. வலசை வாலாட்டியா என்று விவாதம். கரையில் குத்தவைத்திருந்த ஒரு பெரியவர், கழுத்தில் மணி, பக்கத்தில் பை, கேட்டார்:

"என்ன சாமி தேடுறீங்க?"

"வாலாட்டிப்பா. வடக்க இருந்து வருமே, அது."

"அது போயிருச்சு சாமி. இது நம்மூருது. புருவத்துல வெள்ளக் கோடு பாருங்க. இது எங்கயும் போவாது."

தொலைநோக்கி உயர்ந்தது. கோடு இருந்தது. வெண்புருவ வாலாட்டி. 'எப்போ போச்சு?' என்று நான் கேட்டேன். "போன சந்தைக்கு மொத நாள் இருந்துச்சு. சந்தைக்குப் போயிட்டு மறுநா காலைல வந்தேன், இல்ல. அப்புறம் வரவே இல்ல சாமி."

நண்பர் பட்டியலில் வெண்புருவ வாலாட்டி ஒன்று என்று எழுதினார், தன் பெயரில். சந்தைக்கு முதல் நாள் பற்றிய தகவல் எழுதப்படவில்லை. எழுத முடியாது என்றார். 'நாம பாக்கலையே, கேள்விப்பட்டதை எழுதக்கூடாது.' விதி அதுதான், அந்த விதிக்குக் காரணமும் உண்டு. சொல்லக் கேட்டதையெல்லாம் சேர்த்தால் பதிவேடு புராணமாகிவிடும். ஆனாலும் கவனியுங்கள். நான் மேலே சொன்ன 'கடைசி' என்ற சிக்கல், நம் வசந்தப் பட்டியலால் பிடிக்கவே முடியாத அந்தத் தேதி, அன்றைக்கு அந்தக் கரையில் ஒரே ஒருவரிடம் இருந்தது. தினமும் வருகிற, இருந்ததையும் பார்த்து இல்லாததையும் பார்த்த ஒருவரிடம். சந்தை நாளை நாட்காட்டியில் வைத்தால் தேதி கிடைத்துவிடும். எங்களில் ஒருவருக்கும் அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை என்பதைவிட, அவர் எங்களைச் 'சாமி' என்றதும் நண்பர் அவரைவிட இருபது வயது சின்னவராக இருந்தும் 'என்னப்பா' என்றதும் யாருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாட்சி விதிகள் மேலே எழுதப்பட்டவை. கீழே இந்த விளிச்சொற்கள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டன.

இதற்கு எதிர்வினையாக 'மக்கள் அறிவே மெய்யறிவு' என்று ஒரு கட்சி கிளம்பும். அதுவும் எனக்கு ஒத்துவராது. சிட்டுக்குருவி செல்போன் கோபுரத்தால் அழிந்துவிட்டது என்று ஊரே சொன்னது, பத்திரிகை சொன்னது, சினிமா சொன்னது. 2020 அறிக்கை தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது நாடளவில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருப்பதும், பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதும் தெரிந்தது. மாடி வீட்டு நடுத்தர வர்க்கத்தின் ஏக்கம் மக்கள் அறிவு என்ற வேஷத்தில் உலாவியிருக்கிறது. பட்டியல் அந்த வேஷத்தைக் கலைத்தது.

அதேபோல் 'ஊர் காத்த பறவைகள்' என்ற கதையாடல். வேடந்தாங்கல்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் ப்ளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். கூந்தன்குளத்திலும் வேட்டங்குடிப் பக்கத்திலும் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதையெல்லாம் கேட்டால் மனசு நிறையத்தான் செய்கிறது. வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரில் எச்சம் கலந்து வயலுக்கு உரமாகிறது, அதனால் காத்தார்கள் என்ற விளக்கமும் உண்டு. அப்படியானால் வயல் யாருடையது? எச்சத்தால் விளைந்த நெல்லில் கூலிக்காரர் பங்கு எவ்வளவு? 'ஊர்' என்று எழுதும்போது சேரியும் அதற்குள் இருக்கிறதா? கொக்கைப் பிடித்துச் சாப்பிட்டவனை ஊர்க்கட்டுப்பாடு எப்படித் தண்டித்தது? எந்தச் சுற்றுலாப் பலகையிலும் இந்த விவரம் இல்லை. ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லைப் பறவைக்காகச் சொன்னால் மட்டும் நாம் ஏன் உருகிப்போகிறோம் என்று புரியவில்லை.

பட்டியல் யாரை வெளியே தள்ளும் என்பதற்கு ரத்தம் சிந்திய உதாரணமும் உண்டு. பரத்பூர் ஏரி தேசியப் பூங்கா ஆனதும் 1982இல் எருமை மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தார் மீது போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். மேய்ச்சல் பறவைக்குக் கெடுதல் என்பது நிபுணர் கருத்து. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே 1980களில் அங்கே நடத்திய நீண்ட ஆய்வு வேறு மாதிரி முடிந்தது: எருமைகள் மேயாததால் நீர்ப்புல் மண்டி ஏரியை அடைத்தது, பறவைகளுக்குத்தான் கெடுதல் ஆயிற்று. மாடு மேய்ப்பவன் இதை முதல் வருஷமே சொல்லியிருப்பான். கேட்க ஒரு கட்டம் விண்ணப்பத்தில் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியதற்குப் பின்னால் பறவை நோக்கர்களின் பல வருஷக் குறிப்புகள் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் எதிராக அந்தக் குறிப்புகள்தான் பேசின. நாளைக்கு அதே குறிப்புகள் அங்கே மீன் பிடிப்பவருக்கு எதிராகவும் பேசவைக்கப்படலாம்.

ஆக, பட்டியலில் 'பார்த்தவர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'சொன்னவர்' என்று ஒரு கட்டம் போடுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டுவருகிறேன். கேள்விப்பட்டதைத் தனியாக, கேள்விப்பட்டதாகவே எழுதலாம். எத்தனை நாள் தொடர்ந்து அங்கே இருப்பவர் சொன்னார், எந்தச் சந்தை, எந்தத் திருவிழாவைக் கணக்கு வைத்துச் சொன்னார் என்று குறிக்கலாம். புள்ளியியல்காரர்கள் அதை எடைபோடும் வழியை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முழுப் பட்டியலின் மௌனத்தையே கணக்கில் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாததில்லை. வாத்து மேய்ப்பவர், மீன்குத்தகைக்காரர், ஆடு கிடை போடுபவர், கருவேலம் வெட்டுகிற பெண்கள் எல்லோரும் வசந்தம் முழுக்கக் கரையில்தான் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு நண்பர் சொன்ன மறுப்பை எழுதியாக வேண்டும். அவர் வக்கீல், பழங்குடியினர் வழக்குகள் பார்ப்பவர். "குருவிக்காரர் பேரைப் போட்டு, இன்ன தேதியில இன்ன கண்மாயில இன்ன பறவைய இத்தனை கிட்டத்துல பாத்தாருன்னு எழுதுறீங்க. வனத்துறைக்காரன் அதைப் படிச்சா என்ன செய்வான்? கண்ணி வச்சிருக்கான்னு ஒரு கேஸ் போடுறதுக்கு நீங்களே சாட்சி எழுதிக் குடுக்குறீங்க." அபூர்வப் பறவையின் கூடு இருக்கும் இடத்தைப் பட்டியலில் வெளியிடுவதில்லை, கேமரா கூட்டம் கூடிவிடும் என்று மறைக்கிறார்கள்; அந்த மரியாதை மனுஷனுக்கும் வேண்டாமா என்று கேட்டார். பெயரில்லாமல் விட்டால் அது 1913 சித்தாளுக்குச் செய்த வேலை. பெயர் போட்டால் ஸ்டேஷனுக்கு வழி காட்டின வேலை. சொல்கிறவரையே கேட்டு முடிவு செய்யலாம் என்றேன். 'கேக்கும்போது அவர் உங்கள என்னன்னு கூப்பிடுவார்?' என்றார் வக்கீல். 'சாமி'ன்னு கூப்பிடுறவர் சாமியிடம் 'வேண்டாம்' என்று சொல்வாரா என்பது அவர் கேள்வி. அடுத்த பங்குனிக்குள் இதைப் பேசி முடிக்க வேண்டும் என்று இருக்கிறோம். கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.